இரவல் நகையோடு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு

சென்ற தை மாதக் கடைசியில் என் நாத்தனார் ரெஜினாவை அழைத்துக்கொண்டு சென்னையிலுள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்திலிருந்து பட்டணம் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நோயோடுதான் போகிறார்கள், அதிகப் பணமில்லாமல் போகிறார்கள். அவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

ரெஜினாவுக்கு முப்பத்துநான்கு வயது. சேரப்பணஞ்சேரியில் எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு வருடமாக அவள் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். முந்தானையை இழுத்து மூடியே காலம் தள்ளினாள். தாம்பரத்தில் தனியார் டாக்டர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு மூவாயிரமாவது ஆகும் என்றார். கெட்ட கட்டியா என்று கேட்டோம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றுவிட்டார்.

"கழுத்தயும் அறுத்துக்கினு, வண்டி மாட்டயும் வித்துக்கினு, அப்பால இன்னாத்த வச்சி பொழைக்கிறது அண்ணி?" என்றாள் ரெஜினா.  மறுநாளிலிருந்து, மூன்று வயதுக் கடைக்குட்டிக்குச் சோறு ஊட்டும்படி மூத்த மகளிடம் சொல்ல ஆரம்பித்தாள். தான் இல்லாத நாளுக்குக் குழந்தையைப் பழக்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பட்டணம் போவதென்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டு. "ஏழையாட்டம் போய் நின்னா எவன் மதிப்பான்?" என்று சொல்லி, எதிர்வீட்டுக்காரி பட்டுப்புடவை கொடுத்தாள். இன்னொருத்தி அட்டிகை கொடுத்தாள். வீக்கத்தின்மேல் அது சரியாக உட்கார்ந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வாலாஜாபாத்திலிருந்து வரும் முதல் பஸ் விடியுமுன் ஐந்து மணிக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வரும். கண்டக்டர் ரெஜினாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"என்னத்தான் பாக்கப் போறாங்க. டாக்டரு!"

தாம்பரம் வரை ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர், பிறகு டவுன் பஸ். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி ஏழேகால். பெண்கள் வரிசையில் ஏற்கெனவே அறுபது பேராவது இருப்பார்கள்.

சீட்டு எழுதும் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு? மாசம் எவ்ளோ வரும்?"

ரெஜினா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "அது வரும், ஆயிரம்" என்றாள்.

அவர் வேறு நிறச் சீட்டில் எழுதிக் கட்டணப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தொகை. உள்நோயாளியாகச் சேர ஐந்நூறு முன்பணம். எங்களிடம் இருந்தது எண்பது ரூபாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"இத்தினி நகைய மாட்டிக்கினு எரநூறுன்னு எப்பிடி அண்ணி சொல்றது? சிரிக்க மாட்டாங்க?"

சற்று நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கே போய்விடலாம் என்பாள் என்று நினைத்தேன். திடீரென்று எழுந்து, விறுவிறுவென்று பழைய வரிசைக்கே போனாள். முன்னால் நிற்கும் தலைகளுக்கு மேலாகக் கத்தினாள்:

"சார்! ஆயிரம் இல்ல சார், எரநூறு! நகை இரவல், பொடவ இரவல், செருப்பு கூட எங்க அண்ணிது!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "கழுத்தாச்சும் உன்னுதாம்மே?" என்றாள் கூடையோடு நின்ற ஒரு அம்மாள்.

"கழுத்தும் என்னுது, அதுல கீற கட்டியும் என்னுது!"

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "காலங்காத்தால வந்து மாட்டினியேம்மா" என்றபடி சீட்டை மாற்றிக் கொடுத்தார். இலவசம்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். அட்டிகையைக் கழற்றச் சொன்னார். தண்ணீரை விழுங்கச் சொல்லி, வீக்கம் மேலும் கீழும் போவதைப் பார்த்தார். பிறகு ஊசியைச் செருகி இழுத்தார். பழுப்பாக நீர் வந்தது, வீக்கம் அமுங்கியது. ரெஜினா கழுத்தைத் தடவிப் பார்த்து, "எங்க போச்சு?" என்றாள்.

"நீர்க்கட்டி மாதிரி தெரியுது. இந்தத் தண்ணிய சோதனைக்கு அனுப்பறோம். அடுத்த புதன்கிழமை வாங்க. அதுக்கு முன்னால எதையும் உறுதியா சொல்ல முடியாது."

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. அடுத்த புதன் இருவரும் நூல் புடவையில் போனோம். கெடுதல் ஒன்றுமில்லை, மறுபடி நீர் சேர்கிறதா என்று மூன்று மாதத்துக்கொரு முறை காட்டினால் போதும், ஆபரேஷன் தேவைப்பட்டாலும் இங்கே செலவில்லை என்றார் டாக்டர்.

"அப்ப சாவ மாட்டேனா?"

"எல்லாரும் ஒரு நாள் சாவோம்மா. நீ இதால சாவ மாட்டே."

வெளியே வந்து மரத்தடியில் அழுதாள். நானும்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் நோய்க்கு எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று உள்ளூர் சுகாதார நிலையத்தில் முதலில் கேளுங்கள். எட்டு மணிக்குள் வரிசையில் இருங்கள். மருந்துத் தண்ணீருக்குக் காலி பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அது தெரியாமல் வாசல் கடையில் ஐம்பது பைசாவுக்கு வாங்கினேன். சீக்கிரம் உள்ளே விடுகிறேன் என்று வாசலில் காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஒருவருக்குப் போகவர, சாப்பாடு உட்பட, பத்து ரூபாய்க்குள் அடங்கும். படித்தவர் துணை இருந்தால் நல்லது என்று எழுத நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

ஏனென்றால், செய்தி பரவி, எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இத்தனை நாள் எதையோ மறைத்து வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் காதில் சீழ், இன்னொருத்திக்கு மாதக்கணக்கில் நிற்காத உதிரப்போக்கு. நான் மறுபடி லீவு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரெஜினா வந்தாள்.

"நீங்க இஸ்கூலுக்குப் போங்க அண்ணி. அஞ்சு பேர் ஆயிட்டாங்க. நான் இட்டுக்கினு போறேன்."