சுடலைக்கண்ணன் போட்ட கட்டு

சுடலைக்கண்ணனின் பதக்கம் ஏழு வருடமாக பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. எல்லையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது இரண்டு தடவை உள்ளே போய், அடிபட்ட இரண்டு பேரைத் தூக்கி வந்ததற்காக ராணுவம் கொடுத்தது. இப்போது தூத்துக்குடி துறைமுகத்தில் கேட் செக்யூரிட்டி. பதக்கத்தைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

உடன்குடி வியாபாரிகள் சங்கம் அவரை விடவில்லை. மண்டபம் பிடித்து, அவர் தொட்டே பார்க்காத ரகத் துப்பாக்கியைப் படத்தில் கையில் கொடுத்து பிளக்ஸ் அடித்து, பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டது.

விழா அன்று காலை, மண்டபத்துப் பின்னறையில், அவர் தொடாத இட்லிப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மனைவி செல்வராணி பதக்கத்தை நீட்டினார்.

"சட்டையில குத்துங்க. ஊரே வந்து உக்காந்திருக்கு."

"வேண்டாம்ளா."

காரணம் செல்வராணிக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அடிபட்டவர்களில் ஒருவருக்கு நெஞ்சில் காயம். இன்னொருவர் வேம்பார் சொரிமுத்து. முழங்காலுக்குக் கீழே அடி, ரத்தம் நிற்கவில்லை. இருவரையும் ஒன்றாகத் தூக்க முடியாது. சுடலைக்கண்ணனின் அப்பா பனையேறி. பதனீருக்காகப் பாளையை நாரால் இறுக்கிக் கட்டுவார். என்ன காற்றடித்தாலும் அந்தக் கட்டு நெகிழாது. துப்பாக்கி வாரை உருவி, சொரிமுத்துவின் தொடையில் அதே கட்டைப் போட்டார். "கெடலே, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மற்றவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது.

இருவரும் பிழைத்தார்கள். சொரிமுத்துவின் காலை எடுத்துவிட்டார்கள்.

ரத்தத்தை நிறுத்திக் காலைச் சாகடித்தது தன் கட்டுதான் என்று சுடலைக்கண்ணன் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஷெல் வீச்சுக்குள் ஓடிய மனிதருக்கு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள தைரியம் வரவில்லை. வேம்பார் பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை.

கதவு திறந்தது. சொரிமுத்து ஒரு காலை இழுத்து வைத்து உள்ளே வந்தார்.

"ஏலே சுடலை, பிளக்ஸுல பெரிய மீச வச்சிருக்கானே, யாருலே அவன்?"

சுடலைக்கண்ணன் மனைவி பக்கம் திரும்பினார்.

"நாந்தாங்க போன் போட்டு வரச்சொன்னேன்" என்றார் செல்வராணி.

"கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புனேன், வரல. புள்ளைக்குக் காது குத்துனேன், வரல. என்னலே பகை ஒனக்கு?"

"ஒன் காலு... நான் ரொம்ப இறுக்கிட்டேம்லே. அதனாலதான..."

சொரிமுத்து முறைத்தார். "கிறுக்கா! இதுக்கா ஏழு வருசம் ஒளிஞ்ச? ஷெல்லு விழுந்தப்பவே எலும்பு பொடிப்பொடியாப் போச்சு. கால் அப்பமே போச்சு. அந்தக் கட்டு இல்லன்னா பத்து நிமிசத்துல ஆளே போயிருப்பான்னு டாக்டரு சொன்னாரு. அவுக்க முடியாம கத்திரிய வச்சு வெட்டுனாங்கலே. எவன் கட்டுனதுன்னாரு. உடன்குடிக்காரன்னேன்."

சுடலைக்கண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பசிக்குளா. அந்த இட்லிய எடு."

"தின்னுட்டு இதப் பாரு" என்று சொரிமுத்து செயற்கைக் காலை நீட்டினார். "பஸ்ஸுல வந்ததுல வாரு நெகிழ்ந்துட்டு. ஒன் கட்டு ஒண்ணு போடு."

இட்லி தின்ற கை வாரைத் தொட்டதும் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தது.

"வலிக்காலே?"

"பைபருக்கு எங்கலே வலிக்கும்? நல்லா இறுக்கு. மேடை ஏறணும்லா."

இறுக்கினார். அவர் நிமிர்ந்ததும் செல்வராணி பதக்கத்தைச் சட்டையில் குத்தினார். இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை.