விசாரித்துத்தான் கொடுத்தோம்

கொஞ்ச நாள் முன்னால் மின்வெட்டைத் திட்டி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பலர் பாராட்டினீர்கள். ஆட்சேபணை சொன்னது ஒரே ஒருத்திதான். என் அண்ணன் மகள் கலாமணி.

"அத்தை, நீங்க எழுதுனதைப் படிச்சேனுங்க. கரண்ட்டு போறதை அத்தனை திட்டாதீங்க" என்றாள் போனில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலாமணியைக் கொடுத்திருப்பது கருமத்தம்பட்டியில். வீட்டை ஒட்டியே தறி ஷெட். கரண்ட் இருந்தால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வீட்டு மருமகள் பேசுகிற பேச்சா இது?

"ஏன் கண்ணு அப்படிச் சொல்றே?"

"போன்ல வேண்டாங்க. ஒருக்கா வந்துட்டுப் போங்க அத்தை..."

குரல் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். துணைக்கு நசீமாவையும் இழுத்துக்கொண்டேன். நசீமா என் தோழி, கோவையில் ஒரு கல்லூரியில் சைக்காலஜி சொல்லிக்கொடுப்பவள். வீடியோ கேம் பழக்கம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். கிராஸ்கட் ரோடு பக்கம் கேம் கடைகளில் யூனிஃபார்மோடு நிற்கிற பையன்களைப் பிடித்துக் கேள்வி கேட்பதுதான் அவள் வேலை.

அவளை ஏன் கூட்டிப்போனேன்? கலாமணியின் வீட்டுக்காரருக்கு அந்தக் கிறுக்கு இருப்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும்.

"வயசு என்ன?" என்று பஸ்ஸில் கேட்டாள் நசீமா.

"முப்பத்திரண்டு."

"என் கேள்வியெல்லாம் ஸ்கூல் பசங்களுக்குப்பா. 'வகுப்பைக் கட் அடிப்பாயா', 'அம்மாவிடம் பொய் சொல்வாயா'ன்னு இருக்கும். தறி முதலாளிகிட்ட அதையெல்லாம் எப்படிக் கேக்கறது?"

"பெரியவங்களைப் பத்தி ஆராய்ச்சியே இல்லையா?"

"நான் படிச்ச வரைக்கும் எல்லாம் பசங்களைப் பத்தித்தான். அதுலயும் சண்டை. சூதாட்டம் மாதிரி இதுவும் ஒரு போதைன்னு ஒருத்தர் எழுதுவார். அட, வெறும் பொழுதுபோக்குன்னு இன்னொருத்தர் எழுதுவார். இன்னும் பேரே ஒழுங்கா வைக்கலை."

பேர்தானே, மெதுவாக வைக்கட்டும் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது உங்களுக்குத் தெரியும். அண்ணன் சும்மா விசாரிக்கவில்லை, துருவித் துருவி விசாரித்தார். டீக்கடையில் கேட்டார், பேக்கரியில் கேட்டார், நூல் வியாபாரியிடம் கேட்டார். குடி? இல்லை. சீட்டு? தொடமாட்டார். சிகரெட்? ம்ஹூம். வேறு சகவாசம்? சேச்சே! "தங்கமான பையனுங்க" என்று ஊரே சொன்னது. ஊர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னார்கள்...

நாங்கள் போனபோது தறிச் சத்தம் காதைப் பிளந்தது. மாப்பிள்ளை முன்னறையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த டி.வி. தலைத்தீபாவளிக்கு என் அண்ணன் கொடுத்த சீர். கேம் பெட்டி மட்டும் சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்தது.

"வாங்க சின்னம்மா, வாங்க மேடம், உக்காருங்க" என்று எழுந்து நின்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கையில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டுத்தான் எழுந்தார். ஸ்க்ரீனில் ஒரு குட்டிச் சிப்பாய் குதித்த வாக்கில் அந்தரத்தில் நின்றான். நாங்கள் பேசிய நேரமெல்லாம் மாப்பிள்ளையின் கண் அவன்மேல்தான் இருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடுவீங்க?" நசீமா கேட்டாள்.

"அப்பப்பதானுங்க மேடம்... பொழுது போகலைன்னா."

அவருடைய அம்மா காபியோடு வந்தார். "என்ற பையன் ஊட்டை உட்டு எங்கயும் போகமாட்டானுங்க. தண்ணி கிண்ணி ஒண்ணும் கெடையாது. கண்ணு முன்னாலயே இருக்கறான். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

நசீமா காபியைக் குடித்தாள்.

நான் ஷெட்டுக்குப் போனேன். கலாமணி அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். தறிக்குப் பாவு நூல் வாங்குவது, துணியை அனுப்புவது, ஆள்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் இப்போது அவள்தான். ரெண்டு வயதுப் பாப்பா நூல் கோன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. இளைத்துப்போயிருந்தாள் என் கலா. பார்க்கவே சகிக்கவில்லை.

"போன மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க அத்தை. ஆஸ்பத்திரி போலாம் வாங்கன்னேன். 'இதா வாரேன்'னாரு. ரெண்டு வாட்டி போய்க் கூப்பிட்டேன். 'இதா வாரேன், இந்த ஸ்டேஜ் முடியட்டும்'னாரு. நானே தூக்கிட்டு பஸ் ஏறிப்போட்டேன். பஸ்ஸுல புள்ளைக்கு வலிப்பு வந்துருச்சு..."

கத்தித்தான் சொன்னாள். தறிச் சத்தத்தில் அழுகையைக்கூடக் கத்தித்தான் அழ வேண்டியிருந்தது.

"அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"போட்டேனுங்க. மறுநாளே புதுசு வந்துருச்சு. என்னைய ஒரு வார்த்தை வையலை அத்தை. வைஞ்சிருந்தாக்கூடத் தேவலைங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பாப்பாவைக் கூட்டிட்டு அப்பா ஊட்டுக்கே வந்தர்றேனுங்க. நீங்கதான் அப்பாகிட்ட பேசோணும்."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று.

தறிகள் நின்றன. தெரு முழுக்க ஒவ்வொரு ஷெட்டாக அடங்கியது. அப்புறம் அப்படி ஓர் அமைதி.

முன்னறையிலிருந்து மாப்பிள்ளை வெளியே வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பாப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "கலா, சாப்பிட்டியா?" என்றார். "ஏன் இந்தத் தறி துணியில கோடு விழுகுது?" என்று குனிந்து பார்த்தார். சின்னம்மாவுக்கு இளநீர் வெட்டித் தருகிறேன் என்று அரிவாளைத் தேடினார். நசீமாவிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பாப்பா அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

இந்த மனிதரைத்தான் என் அண்ணன் விசாரித்துக் கொடுத்தார். தங்கம்தான். ஊர் பொய் சொல்லவில்லை.

கலாமணி கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்த அதே முகம்! "பாத்தீங்களா அத்தை? கரண்ட்டு போனா அவரு நல்லவருங்க" என்றாள் மெதுவாக.

தறி நின்றால் கூலி போச்சு. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் தினமும் கரண்ட் போகட்டும் என்று சாமியைக் கும்பிடுகிறாளாம்.

அரை மணி நேரம் இருக்கும். கரண்ட் வந்துவிட்டது. தறிகள் இரைந்தன. மாப்பிள்ளை பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டார். பூப்போலத்தான் இறக்கினார். "இதா வாரேன்" என்றார். பாதி வெட்டிய இளநீர் அப்படியே கிடந்தது.

திரும்பும் வழியில் அன்னூரில் அண்ணனைப் பார்த்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"குடிச்சுப்போட்டு வாராரா?"

"இல்லீங்கண்ணா."

"அடிக்கறாரா?"

"இல்லை."

"வேற பொம்பளை?"

"அண்ணா..."

"அப்புறம் என்னன்னு சொல்லி, அம்மணி, நம்ம புள்ளையைக் கூட்டிட்டு வாரது? ஊர்ல நாலு பேரு கேட்டா, மாப்பிள்ளை டி.வி. பொட்டியில வெளையாடறாருன்னா சொல்றது?" நசீமாவிடம் திரும்பினார். "ஏனுங்க மேடம், இதுக்கு என்னங்க பேரு?"

நசீமா தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னும் வைக்கலைங்க."

"பேரே இல்லாததுக்கு நான் எங்கீங்க போயி நாயம் கேக்கறது?"

அவர் குரல் உடைந்துவிட்டது. கல்மனசுக்காரர் இல்லை என் அண்ணன். வழி தெரியாதவர். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டதா என்ன?

மறுநாள் கலாமணி போன் செய்தாள். "அப்பா என்னங்க சொன்னாங்க?"

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"செரிங்க அத்தை. பரவாயில்லீங்க... கரண்ட்டை மட்டும் திட்டி எழுதாதீங்க."

எழுதமாட்டேன், கண்ணு. எழுதியதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.