பரீதா அக்காவின் நேர்முகத் தேர்வு

காலை எட்டரை மணிக்கு எங்கள் பழைய வங்கிக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் மரணச் செய்தி வந்தது: “பரீதா மிஸ் சுபஹுத் தொழுகை நேரம் மௌத்தாகிட்டாங்க.” நான் இப்போது திருகோணமலைக் கிளையில் இருக்கிறேன். முகாமையாளரிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்துக் காத்தான்குடி போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். “இப்பதான் மையத்தை அடக்கக் கொண்டு போனாங்க, மகள். கொஞ்சம் முந்தி வந்திருந்தா மொகத்தைப் பாத்திருக்கலாம்” என்றார் அவருடைய தங்கை. கொஞ்சம் முந்தி வருவது எனக்கு ஒருநாளும் கைவந்ததில்லை.

பரீதா அக்காவின் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்களுக்கு நான் அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பனிச்சங்கேணியிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரரின் ஏ.டி.எம். அட்டையை ஒருநாள் மெசின் விழுங்கிவிட்டது. மனுசன் வங்கியே இடியும்படி கத்தினார். உள்ளே இருந்த நாங்கள் எல்லோரும் திடீரென்று வேலை கூடியவர்கள்போல் தலையைக் குனிந்துகொண்டோம். பரீதா அக்காதான் எழுந்து வெளியே போனார். “ஐயா, நீங்க கத்தினா மெசின் பயந்து அட்டையைத் துப்பிருமா? வாங்க, இப்படி இருங்க, முதல்ல தண்ணியைக் குடிங்க.” அரை மணித்தியாலத்தில் அவர் சிரித்துக்கொண்டு போனார். பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: “கவுண்டருக்கு முன்னால நிக்கிற ஆளு பாதிப் பயத்தோடதான் நிக்கிறாரு புள்ள. மத்தப் பாதியை நாம குடுக்கப்படாது.”

இப்படிப்பட்டவர் இருபது வருடம் கவுண்டரிலேயே இருந்தார். உதவி முகாமையாளர் பதவிக்கு உள்ளகத் தேர்வு வந்தபோது, வயதுக் கட்டுப்பாட்டின்படி அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. எழுத்துப் பரீட்சையில் தேறி, கொழும்பில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. நான் அவரைவிடப் பதினொரு வயது இளையவள். அதே தேர்வில் முதல் தடவையே தேறியவள். அந்தத் தலைக்கனத்தைக் கிளை முழுக்க அறியும். “எனக்கு ஒருக்காப் பழக்கித் தாவன் புள்ள” என்று அவர் என்னிடம் வந்து கேட்டார்.

மூன்று வாரம், நாலு மணிக்குப் பிறகு, பதிவேட்டு அறையில் பழகினோம். நான் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருப்பேன். அவர் கதவைத் தட்டி “மே ஐ கம் இன், சேர்?” என்பார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்ப வெளியே போய்விடுவார். கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். அவர் அந்த மீன்பிடிக்காரரின் கதையைத் தமிழில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்த மனுசன் எதிரில் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, கதை வேணாம். இங்கிலீசில மூண்டு பொயின்ட் சொல்லுங்க.”

அந்த மூன்றையும் நானே எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பாடமாக்கினார். ஒருநாள் மட்டும் சந்தேகப்பட்டார்.

“அவங்க தமிழில கேட்டா என்ன செய்யிற?”

“கேக்க மாட்டாங்க. கேட்டாலும் நீங்க விடாம இங்கிலீசிலயே போங்க. அப்பதான் இவ தெரிஞ்சவ எண்டு நினைப்பாங்க.”

“நீ சொன்னாச் சரி” என்றார்.

கொழும்பிலிருந்து வந்ததும் என் மேசைக்குத்தான் நேரே வந்தார். “நீ சொன்ன மாதிரியே சொன்னன் புள்ள. ஒரு சொல்லும் விடல்ல.” பெயர்ப்பட்டியல் வந்தபோது அதில் அவர் இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார். “உன்ட பிழையில்ல. என்ட இங்கிலீசு காணாது.” நானும் அப்படித்தான் நம்பினேன். அதுவரை நான் செய்தது அறியாமை. அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

அடுத்த வருடம் ஒரு பயிற்சி வகுப்புக்கு வந்த மூத்த அதிகாரி, நான் எந்தக் கிளை என்று கேட்டார். சொன்னேன். “ஓ, அங்கயிருந்து ஒரு அம்மா நேர்முகத்துக்கு வந்தவ. நான் அந்தக் குழுவில இருந்தனான். இங்கிலீசில தடுமாறினா. சுகமாப் பேசட்டும் எண்டு வேணுமெண்டே தமிழில கேட்டன். கோபமா வாற வாடிக்கையாளரை என்ன செய்வீங்க எண்டு. இங்கிலீசில மூண்டு பொயின்ட் ஒப்புவிச்சா. சரி, உங்களுக்கு நடந்தது ஒண்டைச் சொல்லுங்கோ எண்டன். திரும்பவும் அதே மூண்டு. சனத்தோட பேசத் தெரியாத ஆளை எப்பிடி உதவி முகாமையாளராப் போடுறது?”

சனத்தோடு பேசத் தெரியாத ஆள். எங்கள் பரீதா அக்கா. அந்த மூன்றும் நான் எழுதிக் கொடுத்தவை சேர், அவருடையவை அல்ல என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டிய இடத்தில் அவரே வந்து நின்றார். கல்லடியில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் ஒரு ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஒரு சனிக்கிழமை அதன் வாசலில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில், கொப்பியோடு நின்றார். இனி எந்தத் தேர்வும் அவருக்கு இல்லை. “இதில தோத்திட்டம்தானே, அதைச் சரிப்படுத்தாம எப்படி உடுற?” என்றார். நான் “நல்லம் அக்கா” என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்லடிப் பாலம் கடந்து நகரத்துக்கு வேறு வேலையாகப் போவதுபோல் போய், அவரைக் காணாமல் தப்பினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னர் அவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். சிறுநீரக வருத்தம். கை கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். என்னைக் கண்டதும் எழுந்து சாய்ந்துகொண்டு ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார், ஒரு பிழையில்லாமல். தன் வருத்தத்தைப் பற்றியும் டொக்டர் சொன்னதைப் பற்றியும் நிதானமாக ஆங்கிலத்திலேயே சொன்னார். பிறகு களைத்துப்போய்ச் சிரித்தார்.

“இப்பக் கேட்டாங்களெண்டா எனக்குத் தருவாங்க. என்ன புள்ள?”

“ஓம் அக்கா” என்றேன்.

அவரைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவருடைய பொறுமையையும் சிரிப்பையும் நினைவாக வைத்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த “ஓம்” ஒன்றுதான். அவரிடம் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை நான் உங்களுக்கு எழுதுகிறேன், அவருக்குச் சொல்லவில்லை.