வைகோரில் நான் குறை சொன்னதும், கிழக்கில் மனிசி பேசாமல் நடந்ததும்

நேற்றோடு நாங்களும் சொந்த வீட்டுக்காரர்.

இப்போது இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. என் மனிசியின் முழங்கால் இனிப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டது.

முதலில் பார்த்தது வைகோரில். நாங்கள் இருக்கும் ஓல்போர்க் டவுனுக்குக் கிட்ட, வாசலிலே பஸ். மனிசி குசினி ஜன்னலடியில் நின்ற விதத்திலேயே தெரிந்தது, இதுதான் வீடு என்று.

யாழ்ப்பாணத்து மீன்சந்தையில் பேரம் பேசிப் பழகிய நான் விடுவேனா? மேக்லரிடம் (வீட்டுப் புரோக்கர்தான்) குறைகளை அடுக்கினேன். கூரை பழசு. தோட்டத்தில் வெயில் இல்லை. (வெயிலில் கண் கூசியபடிதான் சொன்னேன்.)

"எங்களுக்குச் சரிவராது" என்றுவிட்டுக் காரை நோக்கி மெல்ல நடந்தேன்.

சந்தையில் என்றால் பின்னால் "அண்ணை, நில்லுங்கோ" என்று குரல் வரும்.

மேக்லர், "நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்று கைகொடுத்துவிட்டு வீடு பார்க்க வந்த அடுத்த சோடியிடம் போய்விட்டார்.

சப்பாத்து லேசை இரண்டு தரம் கட்டிப் பார்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை போன் எடுத்தால், வீடு விலைப்பட்டுவிட்டதாம். கேட்ட விலைக்கும் மேலே.

மகள் சொன்னாள்: "அப்பா, இஞ்ச வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். அவர் உங்களை நம்பிட்டார்."

மனிசி சொன்னாள்: "அண்டைக்கு விசாவுக்கு இவங்கள் காக்க வைச்சாங்கள். இண்டைக்கு வீட்டுக்கு நீங்கள் காக்க வையுங்கோ."

(குடும்பங்களைக் கூப்பிட விடாமல் இந்த நாட்டு அரசு இழுத்தடித்த வருடங்களில் இங்கே வந்தவன் நான். அவள் கொழும்பில் காத்திருந்தாள். அந்தக் கதை வந்தால் நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.)

அடுத்தது ஓல்போர்க் கிழக்கு. அதே அளவு வீடு, விலை குறைவு, ஆனால் வாங்க ஆளில்லை. ஒரே தெருவில் பல வாசல்களில் விற்பனைப் பலகை.

பட்டுத் தெளிந்தவன் அல்லவா, எல்லாவற்றையும் புகழ்ந்தேன். வேலியைக்கூடப் புகழ்ந்தேன். அது பக்கத்து வீட்டுக்காரருடையதாம்.

இந்த வீட்டு மேக்லருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்படியென்றால் கேட்ட விலைக்கே முடிப்போமா?"

மனிசி ஒன்றும் பேசவில்லை. குளியலறைத் தரையில் ஆடிய ஓடு ஒன்றைக் காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு திரும்பி, காரை நோக்கி மெல்ல நடந்தாள்.

அவள் கேற்றைத் தாண்டுவதற்குள் மேக்லர் பின்னால் ஓடினார். விலை இறங்கியது.

காரில் கேட்டேன்: "எனக்கே காட்டாமல் எங்கையப்பா இந்த வித்தையைப் பழகினீர்?"

"என்ன வித்தை? கால் நொந்தது, காருக்குள்ள இருக்கப் போனன்."

புது வீட்டு வாசலில் ஒரு படியும் இல்லை. குடிபூரலுக்கு எல்லோரும் வாருங்கள். வேலியை மட்டும் புகழாதீர்கள்.