கவ்வாத்துச்சாமிக்கு மூக்கு வைக்கப் போன கதை

எங்கள் தோட்டத்தில் பெரியாயியிடம் வாய் கொடுத்துத் தப்பியவன் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வயதில் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் ஏறிக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள், இன்னும் இறக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எடையைக் கழிக்கும்போது மற்றப் பெண்கள் முணுமுணுப்பதோடு சரி. இவள் சத்தமாகவே கேட்பாள்.

"சாக்குக்குக் கழிச்சாச்சு, தண்ணிக்குக் கழிச்சாச்சு. நான் ஒருத்திதான் மிச்சம், என்னையும் கழிச்சிருங்கய்யா."

லுணுகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டாம் நம்பர் மலை என்று ஒன்று உண்டு. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. அதுதான் கவ்வாத்துச்சாமி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும் ஆள் முதலில் அங்கே சூடம் கொளுத்தி, ஒரு சொட்டுச் சாராயம் ஊற்றிவிட்டுத்தான் கத்தியைத் தொடுவான். பெரியாயியின் புருஷன் இருந்தவரை எல்லாம் அவர் பொறுப்பு. அவர் செத்த வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அந்த வருஷமே மூன்று பேர் காலை வெட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்று என் கால். நாங்களாகவே போய்ச் சூடப் பெட்டியைப் பெரியாயி கையில் கொடுத்தோம். பொம்பளை கும்பிடலாமா என்று கேட்டவர்களும் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

புருஷனின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அந்தக் கல்லின் உச்சியில் அவர் கை பட்டுப் பட்டு வழுவழுப்பான இடம் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான் மிச்சம்.

இந்தக் கல்தான் கோயில் கமிட்டித் தலைவர் இராமையாவின் கண்ணை உறுத்தியது. பக்கத்துத் தோட்டத்துச் சாமிக்கெல்லாம் மீசை இருக்கிறதாம், நம் சாமிக்கு முகமே இல்லையாம். பதுளையில் சொல்லி ஒரு சீமெந்துச் சிலை செய்து இறக்கிவிட்டார். நீல உடம்பு, முறுக்கு மீசை, கையில் கத்தி. வெள்ளிக்கிழமை கல்லை ஓடையில் உருட்டிவிட்டுச் சிலையை வைப்பது என்று முடிவு.

பெரியாயி சிலையைச் சுற்றி வந்தாள்.

"தலைவரே, இவரு கவ்வாத்து வெட்டுற ஆளா? நகத்துல மண்ணே இல்லையே. மாப்பிள்ளை பாக்க வந்தவரு மாதிரி நிக்கிறாரு."

கல்லை எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. அவள் சூடம் கொளுத்தி வாய்விட்டுச் சொல்லாமல் அதைத் தொட ஒருத்தனுக்கும் தைரியமில்லை. தலைவருக்கும் இல்லை, அவருக்கும் கால் இரண்டுதான். உடனே கமிட்டி கூடியது. பெரியாயிக்குக் கலை அறிவு பற்றாது, பொலன்னறுவைக்குக் கூட்டிப்போய்ச் சோழர் காலத்துச் சிவன் கோயிலைக் காட்டினால் சாமி எப்படி இருக்கவேண்டும் என்று விளங்கும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மொஹிதீன் நானாவின் வேனில் பதினாலு பேர் ஏறினோம். பிபிலை, மஹியங்கனை என்று வழி நெடுக இராமையா சிற்பக்கலை பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவரும் அந்தக் கோயிலுக்கு இதுதான் முதல் தடவை என்பது அங்கே இறங்கி, எந்தப் பக்கம் வாசல் என்று அவர் மொஹிதீன் நானாவைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

கோயில் நல்ல கோயில்தான், பொய் சொல்லக்கூடாது. கல்லோடு கல்லை இழைத்து வைத்திருக்கிறான். சுவரிலேயே தூண், தூணுக்கு மேலே வேலைப்பாடு, மூலையில் நந்தி. அடிக்கல்லில் வரிவரியாக எழுத்து வேறு.

"இது பழைய தமிழ். சிலை இல்லாத கோயில் கோயிலே இல்லைன்னு எழுதியிருக்கு" என்று இராமையா விரலை வைத்துப் படித்தார்.

"தலைவர், நீங்க வலது பக்கமிருந்து வாசிக்கிறீங்க. அது எங்கட அரபு எழுத்துக்குத்தான் சரி" என்றார் மொஹிதீன் நானா.

பெரியாயி சுவரோரமாகப் போனாள். ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டு வந்தாள். இராமையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆள் மசிந்துவிட்டாள் என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நம் கல் போய்விடுமோ என்று எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

கடைசியில் உள்ளே எட்டிப்பார்த்தாள். நடுவில் லிங்கம், முன்னால் யாரோ வைத்த நாலு பூ.

"தலைவரே, இங்க வாங்க. சாமி எங்க?"

"இதுதான் அக்கா சாமி."

"இதுக்குக் கண்ணு எங்க?"

"கண்ணு... இல்லக்கா. இது லிங்கம்."

"மூக்கு?"

"அதுவும் இல்ல."

"மீசை?"

வெளியே மொஹிதீன் நானா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"இத்தன கல்லையும் வெண்ணெய் மாதிரி செதுக்கத் தெரிஞ்சவனுக்கு, சாமிக்கு ஒரு மூக்கு வைக்கத் தெரியாமலா போச்சு?" என்றாள் பெரியாயி. "ராசா தெரிஞ்சேதான் விட்டிருக்கான். எங்க சாமிய உருட்டறதுக்கு முன்னாடி இந்தச் சாமிய உருட்டுங்க. ஓடை எங்கன்னு நானாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

இராமையா கூரையைப் பார்த்தார். அங்கேயும் வெறும் கல்தான்.

திரும்பும்போது மஹியங்கனை வரை அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் கமிட்டித் தலைவரின் மௌனம் மஹியங்கனைக்கு மேல் தாங்காது. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எழுந்து, தாம் பொலன்னறுவையில் நேரில் ஆராய்ந்ததில், உருவமில்லாக் கல்லை வணங்குவதே சோழர் முறை என்று கண்டதாகவும், ஆகவே நம் கல்லை யாரும் அசைக்கக்கூடாது என்றும் முழங்கினார். கை தட்டினோம். சீமெந்துச் சாமியை, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்து வாசலில் நிறுத்தினார்கள். இரண்டு நாள் ஒரு பிள்ளையும் உள்ளே போக மாட்டேன் என்றது.

வெள்ளிக்கிழமை பெரியாயி கல்லைக் கழுவி, உச்சியில் அந்த வழுவழுப்பான இடத்தை முந்தானையால் துடைத்து, மஞ்சள் பூசினாள். இராமையா பக்கத்தில் வந்து நின்றார்.

"மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு அக்கா. சோழர் காலத்துல இவ்வளவு பூச மாட்டாங்க."

பெரியாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நீங்க அங்க வேலைக்குப் போயிருந்தீங்களாக்கும்? செக்ரோல்ல பேரு இருக்கா, தலைவரே?"