கல்லாக்காரி சொன்ன விலை

அந்தச் சாண்ட்விச் கடையில் விலைப்பலகை கிடையாது. சுவரில் இத்தாலியில் எங்கோ இருக்கும் மலையூர் ஒன்றின் பெரிய புகைப்படம் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. விலை மட்டும் எங்கும் இல்லை. என்ன வேண்டும் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இயந்திரம் இறைச்சியைச் சீவ ஆரம்பித்துவிடும். சீவிய பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதன் பிறகுதான் கல்லா மேல் இருக்கும் சின்னத் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பும். அதைத் திருப்புவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

வயது நாற்பத்தாறு. முதலாளி முதல் பாத்திரம் கழுவுபவர் வரை எல்லோருக்கும் அவள் கல்லாக்காரி. இங்கே சேருவதற்கு முன் ஒன்பது வருடம் மருந்துக் கடையில் பில் போட்டாள். அங்கே தொகையைக் கேட்டவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு காசை எடுத்து வைப்பார்கள். இங்கே திறந்த வாய் மூட நேரமாகும். சிலர் சிரிப்பார்கள். சிலர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படிப்பார்கள். ஒருவர், "பக்கத்து மேசைக்கும் சேர்த்துப் போட்டுட்டீங்களாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். காரில் பணப்பை இருக்கிறது என்று போன ஒரு தம்பதியர் இன்றுவரை திரும்பவில்லை. நன்றாக இருக்கிறது என்று இரண்டு கை விரலையும் நக்கிச் சாப்பிட்ட ஒரு பெரிய மனிதர், வாசலில் நின்று மனைவியிடம், "இந்தக் காசுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருக்கலாம்டி" என்றார். அதில் பொய்யில்லை. நல்ல செருப்பாகவே வாங்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா ஃபோனில் கேட்டாள், "ஒரு சாண்ட்விச் என்னடி விலை?" அக்காவின் வாயைப் பற்றித் தங்கைக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், 'கொள்ளைக்காரன் கடையிலயா உக்காந்திருக்கே?' என்று குடும்பம் முழுக்கப் பரப்புவாள். அதனால் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னாள். "பரவால்லையே, வாங்கற மாதிரிதான் இருக்கு" என்றாள் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது என்று இவள் நினைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கூட்ட நேரத்தில், அக்கா வந்து நின்றாள். நல்ல புடவை. பின்னால் அத்தான். அவருக்கும் பின்னால் முன்பின் பார்த்திராத ஒரு தம்பதி.

"இவங்கதான்டி" என்று அக்கா கல்லா மேல் சாய்ந்து கிசுகிசுத்தாள். "பையனோட அப்பா, அம்மா. நம்ம பொண்ணைப் பிடிச்சிருக்காம். இன்னிக்கு முடிவு சொல்லத்தான் வந்திருக்காங்க. வீட்ல வச்சு என்னத்தைக் கொடுக்கறது, உன் கடைக்கே கூட்டிட்டு வந்துட்டேன்."

கல்லாக்காரி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ரெண்டு வாங்கி நாலா வெட்டிக்குங்க. ரொம்பப் பெருசா இருக்கும்."

"சும்மா இருடி, நான் பாத்துக்கறேன்." அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பி, ஊருக்கே விருந்து வைப்பவள் போலச் சொன்னாள்: "ஆறு போடுங்க. மாப்பிள்ளைக்கும் அவர் தம்பிக்கும் ரெண்டு பார்சல். அந்த வெள்ளைச் சீஸ் எல்லாத்துலயும் இருக்கட்டும்."

அந்த வெள்ளைச் சீஸுக்குத் தனிக் காசு. இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

திரையைத் திருப்பினாள். அத்தானின் கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அக்கா இலக்கங்களை எண்ணினாள், உதடு அசைவது தெரிந்தது. பிறகு தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பின்னால் பையனின் அம்மா எட்டிப் பார்ப்பது தெரிந்ததும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"இவ்வளவுதானா? நான் இன்னும் ஜாஸ்தியா வரும்னு நெனச்சேன். கொடுங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க!"

அத்தான் கார்டை நீட்டினார். கார்டு இயந்திரத்தில் வைக்க இரண்டு முறை முயன்றார்.

சாப்பிட உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். பையனின் அம்மா காகிதக் கைக்குட்டை எடுக்கக் கல்லா ஓரம் வந்தாள். கூடவே அவள் கணவர். கல்லாவில் இருப்பது பெண்ணின் சித்தி என்று இருவருக்கும் தெரியாது.

"கேட்டீங்களா? இவ்வளவுதானாங்கறா! நம்ம வீட்ல பத்து நாள் சமையல் நடக்கும்ங்க இந்தக் காசுல. கண் இமைக்காம எடுத்து நீட்டறாங்க. இந்த வீட்டுப் பொண்ணு நம்மகிட்ட வந்து எப்படிக் காலம் தள்ளும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன்."

"இன்னிக்கு எதுவும் வாய் விடாதீங்க. போய் ஃபோன்ல சொல்லிக்கலாம்."

ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்லாக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். அவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்ததும் அவள் எழுந்து நேராக மேசைக்குப் போனாள்.

"அக்காவுக்கு விலை தெரியாதுங்க. நான்தான் பொய் சொல்லி வச்சிருந்தேன். மூணுல ஒரு பங்குதான் சொன்னேன். உங்க முன்னாடி கௌரவம் போயிடக் கூடாதுன்னு சமாளிச்சாங்க, அவ்வளவுதான். செருப்பு அறுந்தா மூணு தடவை தைச்சுப் போடற குடும்பம் இது."

அக்காவின் முகம் சுண்டிப் போனது. அத்தான்தான் முதலில் மூச்சு விட்டார். "எனக்கு இன்னும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க. ஒரு வாய்கூட இறங்கலை."

பையனின் அம்மா கல்லாக்காரியையே பார்த்தாள். "ஏம்மா பொய் சொன்னே?"

"கொள்ளைக்காரன் கடைன்னு சொல்லுவாங்கன்னு."

"கொள்ளைதானே! இப்படி விக்கறானே, உனக்கு என்ன தர்றான்?"

இனி எதையும் மறைத்துப் பயனில்லை என்று ஆகிவிட்டது. சொன்னாள்.

"வாரத்துக்கா?"

"மாசத்துக்கு."

விலையைக் கேட்டபோது இல்லாத பேயறைந்த தோற்றம் இப்போதுதான் எல்லா முகத்திலும் வந்தது. அக்கா மெதுவாக எழுந்தாள். "அடிப்பாவி. என்கிட்ட இதைப்போல ரெண்டு மடங்கு சொன்னியேடி. அதை நம்பி நீ சௌக்கியமா இருக்கேன்னுல்ல இருந்தேன்?"

"விடுங்க சம்பந்தி" என்றாள் பையனின் அம்மா. "இவளை அப்புறம் திட்டிக்கலாம். மொதல்ல அந்த மிச்சத்தையெல்லாம் கட்டுங்க. ஒரு துணுக்கு இந்தக் கடைக்காரப் படுபாவிக்கு விட்டுட்டுப் போகக் கூடாது."

அக்கா அப்படியே நின்றாள். காதில் விழுந்த 'சம்பந்தி' என்ற வார்த்தையை நம்பலாமா என்று அத்தானைப் பார்த்தாள். அவர் வாய் திறந்தே கிடந்தது. பையனின் அப்பா ஒன்றும் நடக்காததுபோல ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

வாசலில் அக்கா மட்டும் ஒரு நொடி பின்தங்கினாள். கண் கலங்கியிருந்தது. குரலில் அதன் சுவடே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உன்கிட்ட நெறையப் பேசணும்."

கல்யாணத்தைப் பற்றியா, சம்பளத்தைப் பற்றியா என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.