அல்மேடன் ஏரியில் பவானிக்காரர் பிடித்த மீன்

“ஏங்கண்ணு, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது. இந்த மீனுக்கு என்ன கேடு?”

அமெரிக்காவில் சான் ஹோசே நகருக்குப் பக்கத்தில், அல்மேடன் நீர்த்தேக்கக் கரையில் நின்று சேனாபதி அங்கிள் கேட்டார். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. மீன் குறையாமல் இருக்கப் போட்ட விதி என்று நினைத்து அப்படியே சொன்னேன். கீழே பொடி எழுத்தில் இருந்த காரணத்தை நான் படிக்கவில்லை.

அவர் பவானிக்காரர். முப்பத்தோரு வருடம் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். மகள் ரோஷினியின் பிரசவத்துக்காக மனைவி மரகதத்துடன் பக்கத்து ஊரான குபெர்டினோவுக்கு வந்திருந்தார். நான் பக்கத்து வீடு. ஹை ஸ்கூல் முடித்துவிட்டுக் காலேஜ் வேண்டாம் என்று சும்மா இருந்ததால், நான்தான் அவருக்கு டிரைவர்.

அவர் ஊரில் கெட்ட தண்ணீரைப் பார்த்தாலே தெரியும். சாயக் கழிவு கலந்தால் ஆறு ஒருநாள் சிவப்பாக, ஒருநாள் நீலமாக, நுரையோடு வரும். நிறமும் நுரையும் வாடையும் இல்லையென்றால் அது நல்ல தண்ணீர். அவர் அப்படித்தான் நம்பினார்.

ரோஷினி அக்காவுக்கு ஏழாம் மாதம். கடை மீன் குமட்டுகிறது, ஆற்று மீன் குழம்பு வேண்டும் என்றாள். அங்கிள் லைசென்ஸ் வாங்கித் தூண்டிலோடு கிளம்பிவிட்டார். முதல் வாரம் ஒரு மீன் கிடைத்தது. ஒன்று எடுத்தால் ஏரியில் மீன் குறைந்துவிடாது என்று விதியை மீறிக் கொண்டுவந்தோம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் இரண்டு பெரிய மீன்கள். துள்ளிக்கொண்டிருந்த அவற்றைப் பையில் போடும்போது, கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடிவந்தார். பெயர் டெனீஸ். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓலோனி இனத்தவர். யார் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்டார். கர்ப்பிணிக்கு என்றதும், “நோ, நோ” என்று பையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இந்த மலைக் கல்லில் பாதரசம் இருக்கிறது. அவருடைய முன்னோர் அந்தச் சிவப்புக் கல்லை அரைத்து உடம்பில் பூசியவர்கள். அதை வாங்கத் தொலைதூரத்து இனங்களும் வரும். ஸ்பெயின்காரர்கள் அந்த மக்களை மிஷன் என்ற கிறிஸ்தவ மடங்களில் அடைத்தார்கள். பிறகு மெக்சிகோ ஆட்சியில், ஏறக்குறைய நூற்றெண்பது வருடம் முன்பு, மலை வேறொருவர் பெயரில் சுரங்கமாகப் பதிவானது. அதன்பின் அமெரிக்கர்கள். தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டியிருந்தது. கல்லைச் சூளையில் சுட்டு, கழிவை ஓடையில் தள்ளினார்கள். சுரங்கம் மூடிய பிறகும் ஒவ்வொரு மழைக்கும் பாதரசம் ஏரிக்குள் இறங்குகிறது; அங்கிருந்து மீனுக்குள். கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை அது பாதிக்கும்.

தன் ஆட்கள் காலங்காலமாக இந்த ஓடை மீனைத்தான் சாப்பிட்டார்கள் என்றார் டெனீஸ். இப்போது மலையும் அவர்களுடையதில்லை, மீனையும் தொட முடியாது.

அங்கிள் மீன்களை ஏரியில் விட்டார்.

வீட்டில் மரகதம் ஆன்ட்டி மசாலா அரைத்து வைத்திருந்தார். “ஏனுங்க, மீன் எங்க?”

“ஏரிலயே உட்டுட்டேன்.”

“ஊருக்குத் தண்ணி தொறந்து உட்ட கை. மீனையும் தொறந்து உட்டுருச்சாக்கும்!”

அங்கிள் சிரிக்கவில்லை. நேராக மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். “நாந்தான் சாமி குடுத்தேன். தண்ணி தெளிவா இருக்குதுன்னு நம்பிட்டேன்.”

அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. “அப்பா, ஃபர்ஸ்ட் நீங்க உக்காருங்க. நான் டாக்டருக்கு கால் பண்றேன்.”

ரத்தப் பரிசோதனை முடிவு வர நான்கு நாள் ஆனது. அந்த நாட்களில் அங்கிள் வாசற்படியைத் தாண்டவில்லை. அளவு வரம்புக்குள் இருக்கிறது, ஒருமுறை சாப்பிட்டதோடு நிறுத்தியது நல்லது என்றார் டாக்டர். பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது.

ஏரிக்கரையில் தமிழிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லி அங்கிள் என்னை ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதவைத்தார். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அவர் ஊர் திரும்பும்வரை பலகை வரவில்லை. ஏர்போர்ட்டில், “அவங்க வெக்காட்டிப் போறாங்க, நீயே எழுதிப் போடு கண்ணு” என்றார்.

அதனால் எழுதுகிறேன். பிரசவம் பார்க்க வரும் உங்கள் அப்பா அம்மாவுக்கு, அவர்கள் விமானம் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்புங்கள். அனுப்பும்போது, நீளமாக இருக்கிறதென்று டெனீஸ் சொன்ன பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.